எடைக்கல்லும் என் தொந்தியும்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசுகிற காற்றால் இதுவரை அசைக்க முடியாமல் போன ஒரே பொருள் எடைக்கல்தான். அந்தக் காற்று லாரியைச் சாய்த்திருக்கிறது. மதில் சுவரைத் தள்ளியிருக்கிறது. எங்கள் மேனேஜர் தலையில் இருந்த ஒட்டு முடியைக் கழற்றிக்கொண்டு போய், திரும்பக் கொடுக்காமலே இருந்திருக்கிறது. எடைக்கல்லை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அது ஒரு ஆளின் பட்டப்பெயர். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. அந்தப் பக்கம் ஒரு காற்றாலைக் கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ஓர் ஆடி மாதம் என் ஸ்டோரின் தகரக் கூரை கிளம்ப ஆரம்பித்தது. எல்லாரும் கயிறு தேடி ஓடினார்கள். இவன் மட்டும் ஏணி வைத்து மேலே ஏறி, படபடத்துக்கொண்டிருந்த தகரத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். கயிறு வந்து, கட்டி முடிக்கிறவரை இறங்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சாயா வேறு கேட்டான். அன்று வைத்த பெயர்.

அவனைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தாலே எனக்கு முதுகு வலிக்கிறது. அப்படி அலுக்க வைத்திருக்கிறான்.

காற்றாலைக்கு எங்கள் ஊரில் காத்தாடி என்று பெயர். உயரமான இரும்புக் கோபுரம். அதன் உச்சியில் ஒரு வேன் அளவுக்குப் பெட்டி. கோபுரத்துக்குள் செங்குத்தாக ஏணி. அதில் ஏறிப் போய்ப் பெட்டிக்குள் இருக்கிற பல்சக்கரங்களுக்குக் கிரீஸ் வைக்க வேண்டும், போல்ட் முறுக்க வேண்டும். எடைக்கல்லுக்கு அதுதான் வேலை. வாலிப வயதிலிருந்து ஏறுகிறவன். அவன் ஏறிய ஏணிகளை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால் நிலாவுக்குப் போய் வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வரலாம். ஏற ஆரம்பித்த காலத்தில் ஆள் பென்சில் மாதிரி இருந்தானாம். கல்யாணம் ஆனது. அவன் மனைவி சமையல்காரி என்றால் சாதாரணச் சமையல்காரி இல்லை. அவள் வைக்கிற மீன் குழம்பின் வாசனைக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவன் வெறும் சோற்றைத் தின்றுவிட்டுக் கை கழுவுவான். பென்சில், பீப்பாய் ஆனது.

ஆனாலும் ஏறிக்கொண்டுதான் இருந்தான். அப்போதுதான் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து பாதுகாப்பு ஆபீசர் என்று ஒரு பையன் வந்தான். மரியாதையான பையன். அவன் கொண்டுவந்த விதிக்குத்தான் மரியாதை இல்லை. நூறு கிலோவுக்கு மேல் இருக்கிறவன் கோபுரத்தில் ஏறக் கூடாது, ஏறுகிறவன் மாட்டிக்கொள்கிற பெல்ட் அந்த எடையைத்தான் தாங்கும் என்றான். அதோடு விட்டானா? மேலே ஒருத்தன் மயங்கித் தொங்கினால் அவனைக் கயிற்றில் தூக்கி, கொக்கியைக் கழற்றி, பத்திரமாகக் கீழே இறக்குகிற பலமும் வேண்டும் என்றான். அதற்கு ஒரு சோதனை. மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் சர்வீஸ் முடிகிறவரை தரைதான்.

எடைக்கல் எடை மேடையில் ஏறினான். நூற்றுப் பன்னிரண்டு. அன்றைக்கே அவனை இறக்கி என் ஸ்டோரில் போட்டார்கள். பழுதான மோட்டார், துருப்பிடித்த சங்கிலி, எடைக்கல். எல்லாம் என் பொறுப்பு.

முதல் நாள் முழுக்க ஒரு கிரீஸ் டின் மேல் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். தகரத்தில் ஆணி ஓட்டை ஒன்று உண்டு. அது வழியாக ஒரு காத்தாடியின் நுனி தெரியும்.

"அண்ணாச்சி, தரையில ஆளு எப்படி ஜீவிக்கது?" என்றான்.

"ஏன், நானெல்லாம் ஜீவிக்கல்லியா?"

"அதத்தான் ஒரு நாளு முழுக்கப் பாத்துக்கிட்டு இருக்கேன். இது ஜீவிதமா அண்ணாச்சி?"

எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்பேனரை எடுத்து அடித்திருப்பேன். கை ஓங்கினால் மூச்சு வாங்கும் என்பதால் விட்டுவிட்டேன்.

"மேல நின்னு பாத்தா ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் நாஞ்சில் நாட்டு வயலு பூரா, அங்க கடைசியில கடலு. எனக்க வீட்டு மாடியில காயுத துணி கூடத் தெரியும். இங்க என்ன தெரியுது? உங்க முதுகு."

எப்படியாவது ஏறியே தீர வேண்டும். அவனுக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை. முதலில் பட்டினி கிடந்தான். காலையில் மோர். மதியம் மட்டிப்பழம் என்கிற குட்டி வாழைப்பழம் ஒன்று, அதிலும் பாதி. வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது, மட்டிப்பழம் முழுசாகவே என் பெருவிரல் அளவுதான் இருக்கும். மீதிப் பாதியைக் காகிதத்தில் சுற்றிச் சாயங்காலத்துக்கு வைப்பான்.

தினமும் காலையில் எடை பார்ப்பான். எங்கள் ஸ்டோரில் பழைய இரும்பு நிறுக்கிற முள் வைத்த எடை மேடை இருந்தது. சட்டையைக் கழற்றுவான். கைக்கடிகாரம், மோதிரம் எல்லாம் கழலும். ஒரு நாள் மொட்டை அடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"என்னலே, கோயிலுக்கு நேந்துக்கிட்டியா? நீ சர்ச்சுக்குப் போறவன்லா?"

"முடியும் எடைதானே அண்ணாச்சி. நீங்க மொதல்ல கதவ அடைங்க. காத்துக்க எடையும் சேந்து காட்டுது."

"மீசைய என்ன செய்யப்போற?"

யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "அது நூறு கிராம் இருக்குமா?" என்று என்னிடமே கேட்டான்.

இதற்கு நடுவில் அவன் மனைவி மதியச் சாப்பாட்டை அடுக்குப் பாத்திரத்தில் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். நாலு அடுக்கு. தேங்காய் அரைத்த மீன் குழம்பு, தேங்காய் எண்ணெயில் பொரித்த மரச்சீனிக் கிழங்கு, நேந்திரங்காய் வறுத்த உப்பேரி. கீழ் அடுக்கில் அடைப் பிரதமன். சாதாரண செவ்வாய்க்கிழமையில் எவன் வீட்டில் பாயசம் வைக்கிறான்? எடைக்கல் மூடியைத் திறப்பான், கண்ணை மூடி மூச்சை இழுப்பான், பாத்திரத்தை என் பக்கம் தள்ளுவான்.

"தின்னுங்க அண்ணாச்சி. வீட்டுக்குக் காலிப் பாத்திரம் போகணும், இல்லன்னா அவ அழுவா."

தின்றேன். என் வீட்டில் அந்த ருசி கிடையாது. என் மனைவி இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதல் சோதனைக்குத் தொண்ணூற்றாறு கிலோவில் வந்து நின்றான். எடை மேடையில் நின்று இரண்டு கையையும் தூக்கி எல்லாருக்கும் கும்பிடு போட்டான். அடுத்தது தூக்குகிற சோதனை. ஸ்டோருக்குப் பின்னால் பயிற்சிக்கென்று ஒரு கோபுரத் துண்டை நட்டு வைத்திருந்தார்கள். அதன் மேல் தட்டில் ஆபீசர் ஒரு பொம்மையைத் தொங்கவிட்டிருந்தான். மனுஷன் உருவத்தில் தைத்து மணல் நிரப்பிய எண்பது கிலோ பொம்மை. எடைக்கல் ஏணியில் பாதி ஏறியதுமே கால் நடுங்கியது. எப்படியோ மேலே போனான். கயிற்றைப் பிடித்து இழுத்தான். பொம்மை அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தான். பிறகு தட்டிலேயே உட்கார்ந்து, பொம்மையின் தோளில் சாய்ந்துகொண்டான். யார் யாரைக் காப்பாற்ற வந்தது என்று கீழே நின்றவர்களுக்குக் குழப்பமாகிவிட்டது.

"எடை குறைஞ்சுருச்சுங்க அண்ணா," என்றான் ஆபீசர் பையன். "ஆனா கூடவே ஆளும் குறைஞ்சுட்டீங்க."

மறுநாள் எடைக்கல்லின் மனைவி என்னைத் தேடிக் கம்பெனி கேட்டுக்கு வந்தாள். சந்தோஷமாக இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"அண்ணே, நான் குடுத்து விடுத சோறு பூரா காலியா வருது. ஆனா அவியளுக்கு எடை ஏறவே மாட்டேங்கே. எனக்க கணக்கு எங்கயோ தப்புதே?"

நான் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். அவள் பார்வை என் தொந்தியில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"ஓ," என்றாள். "சோறு இங்கதான் வந்து சேருதா?"

"அதுக்கு நான் என்ன செய்ய? அவன் தள்ளுதான், நான் தின்னுதேன். நீ ஏன் இந்தப் போடு போடுத? அவன் எடை குறையாண்டாமா?"

"வேண்டாம் அண்ணே." சட்டென்று சொன்னாள். "ஒருக்கா ஆயுத பூசைக்கு எங்கள இங்க கூட்டிட்டு வந்தாவ. அண்ணாந்து பாத்தேன். உச்சியில பெட்டிக்க மேல ஒரு ஈ நிக்கு. கைய ஆட்டுது. அது எனக்க மாப்பிள்ளையாக்கும். அப்படியே தலை சுத்தி விழுந்தேன். பொறவு ஒரு நாளு கூட எனக்குச் செரியா ஒறக்கம் இல்ல. இப்பம் ஆளு தரையில நிக்கியாரு. எவ்வளவு தடியா நின்னாலும் செரி, எனக்குத் தரையில நின்னா போதும்."

ஒருத்தன் மேலே ஏற உயிரை விடுகிறான். ஒருத்தி அவன் ஏறாமல் இருக்கப் பிரதமன் கிண்டுகிறாள். நடுவில் என் சட்டைப் பித்தான் தெறிக்கிறது. நியாயம் கேட்க எனக்கு எந்தக் கோர்ட்டும் இல்லை.

இரண்டாவது முயற்சியில் ஆள் நேர் எதிராகத் திரும்பினான். பலம்தானே வேண்டும்? கிரீஸ் டின்னை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தான். கப்பிச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டோரைச் சுற்றி ஓடினான். உடைந்த பல்சக்கரம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துத் தூக்குவான், போடுவான். போடும்போதெல்லாம் அலமாரியில் இருக்கிற நட்டுகள் குதிக்கும். நான் பொறுக்கி எடுத்து வைப்பேன். அவன் திரும்பவும் போடுவான். கை வைத்த இடத்திலெல்லாம் தின்றான். புட்டு, பயறு, மாட்டிறைச்சி, தட்டு நிறைய முட்டை. மனைவி அனுப்பிய பாத்திரத்தையும் இந்த முறை அவனே காலி பண்ணினான். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

சோதனை நாளில் பொம்மையை ஒரு கையால் இழுத்தான். அது மேலே போய்த் தட்டில் தலையை இடித்துக்கொண்டது. ஆனால் எடை நூற்றொன்பது.

"இது கொழுப்பு இல்ல தம்பி, தசையாக்கும்," என்று கையை மடக்கிக் காட்டினான்.

"எனக்குத் தெரியுதுங்க அண்ணா. பெல்ட்டுக்குத் தெரியாதுங்களே."

இரண்டும் போயிற்று. மீதி ஒன்று. அன்று சாயங்காலம் கிரீஸ் டின்னில் உட்கார்ந்து புலம்ப ஆரம்பித்தான். எடை குறைத்தால் பலம் போகிறது, பலம் ஏற்றினால் எடை ஏறுகிறது, இந்த உடம்பு அவனுக்கு வேண்டாதவன் எவனோ செய்து அனுப்பிய உடம்பு என்று. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

"ஏலே, கொழுப்ப எறக்கு, தசைய ஏத்து. ரெண்டயும் ஒண்ணாச் செய்து தொலை. என்னய விடு."

"அது எப்படி அண்ணாச்சி? ஒரே நேரத்துல வீட்ட இடிக்கவும் கட்டவும் முடியுமா?"

"நம்ம ஊருல எவன்லே இடிச்சு முடிச்சுட்டுக் கட்டுதான்? துபாய்ல இருந்து பணம் வரவரப் பொறத்தால இடிக்கான், முன்னால கட்டுதான். அந்தக் கல்லத் தூக்கி இந்தச் சுவர்ல வைக்கான். உள்ளேயே குடியும் இருக்கான். நீ மட்டும் என்ன பெரிய அரண்மனையா?"

சும்மா வாயை மூட வைக்கச் சொன்னது. அவன் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தான். என் வாயில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாளே நாகர்கோவிலில் ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தான். அவரும் அதையே சொல்லியிருக்கிறார். உடம்பில் சேர்த்து வைத்திருக்கிற கொழுப்பே விறகு மாதிரி எரியும், சோற்றையும் எண்ணெயையும் கொஞ்சமாகக் குறை, பட்டினி கிடக்காதே, புரோட்டீனை விடாதே, பாரம் தூக்கு, நன்றாக உறங்கு. பைய நடக்கும், ஆனால் இரண்டும் நடக்கும். எடைக்கல் இதில் உறக்கத்தை மட்டும் உடனே ஆரம்பித்தான். என் ஸ்டோரில், சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு, குறட்டையோடு.

புரோட்டீனில்தான் சறுக்கினான். முட்டை அலுத்துவிட்டது. கோழி கட்டுப்படியாகவில்லை. மீன் வாங்கக் காலையில் நேரமில்லை. யோசித்து யோசித்து ஒரு மூட்டை நெத்தலிக் கருவாடு வாங்கி வந்து ஸ்டோர் மூலையில் வைத்தான். உணக்கின மீனில் தண்ணியே கிடையாது, முழுக்கப் புரோட்டீன்தான் என்பது அவன் கண்டுபிடிப்பு. கடலை கொறிக்கிற மாதிரி நாள் முழுக்கக் கொறித்தான். ஒரே வாரத்தில் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. எடை குறையவில்லை, ஏறியது. விரலில் மோதிரம் இறுகி, சோப்புப் போட்டுக் கழற்றினோம்.

"என்னதான் அண்ணா சாப்பிடறீங்க?" என்று ஆபீசர் பையன் கேட்டான். மூட்டையைக் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத்தனை உப்புத் தின்னா உடம்பு தண்ணியப் புடிச்சு வெச்சுக்குமுங்க," என்றான்.

கருவாடு நின்றது. ஆனால் மூட்டை வந்த சேதி ஆரல்வாய்மொழியில் இருக்கிற எலிகளுக்கெல்லாம் போய்விட்டது. அவை குடும்பத்தோடு என் ஸ்டோருக்குக் குடி வந்தன. மூட்டை போன பிறகும் அவை போகவில்லை. கிரீஸ் டின் மூடியைக் கடித்தன. என் செருப்பைக் கடித்தன. வேறு எதையெல்லாம் கடித்தன என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த மாதத்தில்தான் அவர்கள் சபையில் அசனம் வந்தது. சபையின் ஆண்டு விழாவில் சாதி மதம் பார்க்காமல் ஊர் முழுவதையும் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். அதுதான் அசனம். என்னையும் கூப்பிட்டார்கள், போனேன். பெரிய பந்தல். வாழை இலை. ஆட்டிறைச்சிக் குழம்பின் வாசனை ரோடு வரைக்கும். எடைக்கல் என் பக்கத்தில் உட்கார்ந்தான். மடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தான். உள்ளே அவித்த முட்டைகள். இலையில் வரிசையாக வைத்து உரிக்க ஆரம்பித்தான். வெள்ளையை வைத்துக்கொண்டு மஞ்சளை என் இலையில் போட்டான்.

சோற்று வாளியோடு வந்த பெரியவர் நின்றுவிட்டார்.

"என்னடே இது? அசனத்துக்குக் கட்டுச்சோறு கொண்டு வந்திருக்கியா?"

"ஒரு கரண்டி சோறு போதும் அண்ணாச்சி. இறைச்சி மட்டும் ரெண்டு கரண்டி வையுங்க. கொழுப்பு இல்லாத துண்டமா பாத்து."

"ஆண்டவருக்க சோறு. இதுல பொறுக்கி எடுக்கியா நீ? தராசுல வச்சு நிறுத்துத் தரணுமோ?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. பெண்கள் வரிசையிலிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. "அவியளுக்கு வைக்காண்டாம், விடுங்கோ! அவிய ஈ மாதிரி பறக்கப் போறாவ!" சிரிப்பு. நான் இலையைப் பார்த்துக்கொண்டே தின்றேன். எட்டு மஞ்சள் கருவைத் தின்றுவிட்டு நிமிர்ந்தபோது அந்தச் சோற்றை ருசிக்க வயிற்றில் இடமில்லை.

வெளியே வரும்போது கணவனும் மனைவியும் எனக்கு முன்னால் நடந்தார்கள். அவள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அவன்தான் பேசினான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன், பழகிப்போன சத்தம்.

"கேட்டியா, இந்த ஒரு தடவையும் தோத்தா நான் இந்தக் கம்பெனிய விட்டுருவேன். காண்டிராக்டர் ஒருத்தன் கூப்பிட்டிருக்கான். அவனுக்கு எடையும் வேண்டாம், சோதனையும் வேண்டாம். பெல்ட்டும் கிடையாது. ஏறுனா போதும்."

அவள் நின்றுவிட்டாள். அவன் கவனிக்காமல் நடந்துபோனான். நான் அவளைத் தாண்டிப் போக முடியாமல் நின்றேன்.

"அண்ணே, அவிய சொல்லுதது நெசமா?"

"அவன் பொய் சொல்லிப் பாத்திருக்கியா?"

அவள் அவன் பின்னால் வேகமாக நடந்தாள். திங்கட்கிழமை அடுக்குப் பாத்திரம் வந்தது. இரண்டே அடுக்கு. ஒன்றில் எண்ணெய் இல்லாமல் புளி போட்டு வேகவைத்த மீன். இன்னொன்றில் அவித்த சிறுபயறு, முட்டை, ஒரு கைப்பிடி சோறு. பிரதமன் இல்லை. உப்பேரி இல்லை. நான் கீழ் அடுக்கைத் தூக்கி அடியிலும் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவளே போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, இனி உங்களுக்கு ஒண்ணும் வராது. மன்னிச்சிருங்கோ."

"என்னத்துக்கு மனசு மாறுன?"

"எப்படியும் ஏறத்தான் போறாரு. ஏறுதது ஏறட்டு, பெலத்தோட ஏறட்டு. பெல்ட்டு போட்டு ஏறட்டு. அதுக்கு வேண்டியத நான் பொங்கித் தாரேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நீங்களும் கொஞ்சம் கொறைங்கோ அண்ணே. நடக்கும்போது சத்தம் வருது."

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாழ்க்கையிலேயே மிகவும் சலிப்பான காலம். ஒன்றுமே நடக்கவில்லை. அளந்து தின்றான். பாரம் தூக்கினான். உறங்கினான். எடை மேடையில் ஏறினான். நூற்றுமூன்று. அடுத்த வாரம் நூற்றுமூன்று. அதற்கடுத்த வாரமும் அதே நூற்றுமூன்று. முள்ளைத் தட்டிப் பார்த்தான். மேடையை வேறு இடத்துக்கு நகர்த்தினான். என்னை ஏற்றிப் பார்த்தான். முள் ஓடியது, நல்ல ஓட்டம்.

"எனக்க எடை செத்துப் போச்சு அண்ணாச்சி," என்றான். "விடுங்க. நான் காண்டிராக்டருக்குப் போன் போடுதேன்."

போனை எடுத்தே விட்டான். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியவில்லை. அலமாரியில் கிடந்த அவனுடைய பழைய பெல்ட்டை எடுத்து அவன் மேல் வீசினேன்.

"சவத்து மூதி! மாட்டிப் பாருலே அத!"

அவனைத் தரையில் இறக்கிய அன்று அந்த இடுப்பு வார் கடைசி ஓட்டையில் மூச்சைப் பிடித்தால்தான் பூட்டும். மாட்டினான். வார் இடுப்பில் நிற்காமல் தொடையில் போய் விழுந்தது. தோள் வாரோ ஏறவே மாட்டேன் என்றது. தோள் அகன்றிருந்தது. எடை முள் நகரவில்லை, ஆனால் ஆள் மாறிவிட்டான். கொழுப்பு போன இடத்துக்குத் தசை வந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று சரிக்கட்டிக்கொண்டதால் முள்ளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை.

தொங்குகிற வாரை இழுத்து இழுத்துப் பார்த்தான். பிறகு போனைப் பையில் போட்டான். பல்சக்கரத்தைத் தூக்கினான். நட்டுகள் குதித்தன. நான் பொறுக்கினேன்.

காற்றுக் காலம் தொடங்குவதற்கு முன்னால் மூன்றாவது சோதனை வந்தது. எடை மேடையில் ஏறினான். முள் ஆடி ஆடி நூறுக்குச் சற்றே கீழே நின்றது. யாரும் மூச்சு விடவில்லை. விட்டால் முள் ஏறிவிடுமோ என்ற பயம்.

"எடை சரிங்க," என்றான் ஆபீசர் பையன். "பொம்மையக் கொண்டாங்க."

நான் போய் ஸ்டோர் மூலையில் கிடந்த பொம்மையைத் தூக்கினேன். சுலபமாக வந்தது. அதிலேயே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தால் வழியெல்லாம் மணல். கருவாட்டுக்கு வந்த எலிகள் பொம்மையின் அடிவயிற்றைக் கடித்து வைத்திருந்தன. என் கையில் இருந்தது காலித் துணி.

ஆபீசர் துணியைப் பார்த்தான். மணலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பார்வை என் தொந்தியில் நின்றது. அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானதுதான்.

"உங்க எடை எவ்வளவுங்க?"

"அது எதுக்கு?"

ஏற்றி நிறுத்தினார்கள். தொண்ணூற்றொன்று.

"பொம்மைய விடக் கொஞ்சம் அதிகமுங்க. அண்ணாவுக்குச் சம்மதமா?"

என்னைக் கேட்கவில்லை, அவனைக் கேட்டான். எடைக்கல் என்னை மேலும் கீழும் பார்த்தான். "செரி தம்பி. பூரா எனக்க வீட்டுச் சோறுதான்," என்றான்.

எனக்கு பெல்ட்டை மாட்டி, இரண்டு கயிறு போட்டு, மேல் தட்டிலிருந்து தொங்கவிட்டார்கள். கால் அந்தரத்தில். கீழே சிமெண்டுத் தரை. கணவாய்க் காற்று என்னைச் சுற்றிச் சுற்றிக் காட்டியது. ஒரு சுற்றில் மலை, ஒரு சுற்றில் ரோடு, ஒரு சுற்றில் கேட். கேட்டுக்கு வெளியே எடைக்கல்லின் மனைவி நின்றாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மதிலைப் பார்த்து நின்றாள்.

ஏணியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒரே சீராக வந்தது. நிற்கவில்லை.

"அண்ணாச்சி, பேடிச்சுப் போனியளா?"

"வாய மூடிட்டு இழுலே!"

"மயங்கிக் கெடக்குத ஆளு பேசப்பிடாது."

கயிறு இறுகியது. நான் மேலே போனேன். குலுங்கவில்லை, உதறவில்லை. கிணற்றிலிருந்து நிறைகுடம் வருகிற மாதிரி வந்தேன். அவன் மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. ஒரு வருஷத்துக்கு முன்னால் மட்டிப்பழத்தைத் தூக்கினாலே இரைத்த மூச்சு. இப்போது அவன் நிதானமாக, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மூச்சு என்று விட்டுக்கொண்டிருந்தான். ஒரு கையால் என்னைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கொக்கியைக் கழற்றினான். இறக்கும்போது கம்பியில் இடிக்காமல் இருக்கத் தட்டின் ஓரம் வரைக்கும் என் பிடரியில் உள்ளங்கையை வைத்திருந்தான். விதியில் அப்படி ஒன்றும் இல்லை. பொம்மைக்கு அவன் அப்படிச் செய்ததும் இல்லை.

கால் தரையில் பட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆபீசர் பையன் கை தட்டினான்.

கேட்டிலிருந்து குரல் வந்தது. அவள் இன்னும் திரும்பவில்லை. "முடிஞ்சுதா? ஆரும் விழுந்தாவளா?"

"ஒருத்தரும் விழல்ல, திரும்பு!" என்று மேலேயிருந்து கத்தினான்.

அவள் திரும்பினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவனைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த என்னிடம் வந்து, "அண்ணே, இனி தினமும் நான் மதிலப் பாத்துக்கிட்டு நிக்க முடியாது. அவிய எறங்குனா எனக்கு ஒரு வார்த்தை போன்ல சொல்லுவியளா?" என்றாள்.

எனக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டேன். நான் வேலை செய்ய வந்தேனா, உங்கள் குடும்பத்துக்குக் காவல் இருக்க வந்தேனா என்றும் கேட்டேன். ஆனாலும் ஓய்வு பெறுகிறவரை, அவன் இறங்கியதும் தினமும் போனில் சொன்னேன்.

இப்போது தோவாளையில் சும்மா இருக்கிறேன். மாடியில் நின்றால் கணவாய்ப் பக்கத்துக் காத்தாடிகள் தெரியும். உள்ளே ஆள் ஏறியிருந்தால் அதை ஓட விடமாட்டார்கள். மற்றதெல்லாம் சுற்றும்போது ஒன்று மட்டும் அசையாமல் நிற்கும். அது எடைக்கல் ஏறியதாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. எந்தக் கம்பெனியுடையதோ, எவன் ஏறியிருக்கிறானோ. சாயா ஆறுகிறது என்று கீழேயிருந்து என் மனைவி கத்துவாள். அந்த நின்ற காத்தாடி மெல்ல ஒரு சுற்றுச் சுற்றட்டும் என்று நான் நின்றுகொண்டிருப்பேன்.